சிறகிக் கறிக்கு வெட்கப்பட வேண்டுமா?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். விருதுநகரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் சூலக்கரைப் பக்கத்துப் பையன். கல்லூரி ஆண்டு மலருக்கு ‘எங்கள் வீட்டுச் சமையல்’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இவன் தன் அப்பத்தா ஒரு காலத்தில் மழை மாதங்களில் வைத்த சிறகிக் கறியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். படித்துப் பார்த்த ஆசிரியர், “வேற ஏதாவது பலகாரம் பத்தி எழுதுப்பா, இதெல்லாம் மலர்ல வந்தா நல்லா இருக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விஷயம் விடுதிக்குப் பரவியது. “கொக்கு, குருவின்னு கண்டதையும் திங்கிற ஆளுகளா நீங்க?” என்று ஒருவன் கேட்க, அறையே சிரித்திருக்கிறது. சிரிக்காத ஒருவனும் அங்கே இருந்தான். காலையில் பைனாகுலரோடு கண்மாய்க்குப் போகிறவன். அவன் சொன்னதுதான் இன்னும் குத்தியிருக்கிறது: “இது ஜெயிலுக்குப் போற கேஸு. எழுத்துல வேற குடுப்பியா?”

“அண்ணே, நான் இதுக்கு வெக்கப்படணுமா, பெருமைப்படணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றான் தம்பி.

போனில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவனைப் போல இன்னும் பல பேர் இதே கேள்வியோடு விடுதி அறைகளில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அப்பத்தாவின் அடுப்பு

நான் சொல்வது எண்பதுகளின் கதை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும்தான் சோறு. தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் சில வாரங்களுக்கு மூடிக் கிடக்கும். திறந்தாலும் அடைமழையில் மருந்து காயாது, வேலை ஒழுங்காக இருக்காது. வாங்கிய முன்பணம் தீர்ந்திருக்கும். அதே நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் சிறகி இறங்கும், கிளுவை இறங்கும், நாமக்கோழி கூட்டம் கூட்டமாக மிதக்கும். வேலை இல்லாத மாதமும் பறவை வருகிற மாதமும் ஒன்றாக அமைந்தது இந்தக் கந்தக பூமியின் கணக்கு.

இதை எழுதுகிற எவரும், நம்மேல் அன்பு உள்ளவர்கள் கூட, “பாவம், பசிக்குப் பறவையைப் பிடித்துத் தின்றார்கள்” என்றுதான் எழுதுவார்கள். பசி உண்மைதான். ஆனால் பசியை மட்டும் சொல்லி நிறுத்துவதில் ஓர் அநியாயம் இருக்கிறது. பசித்தவருக்கு நாக்கு இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. என் அப்பத்தாவுக்கு நாக்கு இருந்தது. அந்த நாக்குக்குப் பின்னால் அறிவும் இருந்தது.

சிறகி வீட்டுக்கு வந்தால் அப்பத்தா முதலில் இரைப்பையைக் கீறிப் பார்ப்பாள். உள்ளே நெல்லும் கோரை விதையும் இருந்தால் முகம் மலரும். நத்தையும் மீன்குஞ்சும் இருந்தால், “இது வெடுக்கு அடிக்கும், தோலோட உரிச்சிரு” என்பாள். நாமக்கோழியை ஒருநாளும் அவள் மயிர் பிடுங்கித் தீயில் வாட்டியதில்லை. தோலையும் அதன் அடிக் கொழுப்பையும் அப்படியே உரித்து எறிந்துவிடுவாள். சேற்று வாடை முழுக்க அந்தக் கொழுப்பில்தான் நிற்கும் என்பது அவள் கண்டுவைத்தது. தீவனத்தின் வாடை கொழுப்பில்தான் தங்கும் என்று இன்று உணவு அறிவியல் படிக்கிறவர்களும் சொல்வார்கள்.

சிறகி நெடுந்தூரம் பறக்கிற பறவை. நெஞ்சுச் சதை ஓயாமல் உழைக்கிறது. உழைக்கும் சதைக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கிற மயோகுளோபின் அதிகம் வேண்டும். அதனால்தான் அந்தக் கறி ஈரல் மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும். கௌதாரி தரையில் ஓடித் திரிகிறது. ஆபத்து என்றால் விருட்டென்று கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் இறங்கிவிடும். அதன் நெஞ்சுக் கறி வெளுப்பு. அப்பத்தாவுக்கு மயோகுளோபின் தெரியாது. ஆனால் கருங்கறிக்கு ஒரு பக்குவம், வெள்ளைக் கறிக்கு ஒரு பக்குவம் என்பது தெரியும்.

கௌதாரிக்கு உப்பு, மஞ்சள், மிளகு மட்டும் தடவித் தணலில் வாட்டுவாள். “மசாலாவைப் போட்டு அதை அமுக்கிராதீக” என்பாள். சிறகிக்கு வேறு வழி. கொழுப்பு குறைந்த, இறுகிய கறி. அவசரப்பட்டால் ரப்பர். அதனால் மண்சட்டி, நல்லெண்ணெய், கை நிறையச் சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு. விருதுநகர்ச் சந்தையில் வாங்கிய வத்தலும் மல்லியும் சீரகமும் மிளகும் அம்மியில் அரைபட வேண்டும். தக்காளி கிடையாது. புளி சுண்டைக்காய் அளவு, அதுவும் கடைசியில். கறி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு கொட்டாங்குச்சியைச் சட்டிக்குள் போடுவாள், அல்லது பப்பாளிக்காயைச் சீவிப் போடுவாள். கருவேல விறகில் சின்னத் தீயாக ரெண்டு மணி நேரம். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்போது குதிரைவாலிச் சோறு வடித்திருப்பாள்.

ஒரு சிறகி அரைக் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். சுத்தம் செய்தால் இன்னும் குறையும். அதை எட்டுப் பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். தாத்தாவுக்கு நெஞ்சு, பிள்ளைகளுக்குக் கால். அப்பத்தாவுக்குக் கழுத்தும், சட்டியைத் துடைத்த சோறும். இதையும் எழுதத்தான் வேண்டும். ருசியை எல்லாம் அறிந்தவளின் இலைக்குக் கறி வந்துசேரவில்லை. நம் சமையலைக் கொண்டாடும்போது இதை மறைத்தால் அது பாதி உண்மை.

சுவை யாருக்கு, பசி யாருக்கு

இப்போது தட்டைத் திருப்பிப் பார்ப்போம். பறவைக் கறி என்றாலே இழிவா? தமிழ் இலக்கியத்திலேயே போய்க் கேளுங்கள். குறுந்தொகையின் 389ஆம் பாடலில், திருமண நற்செய்தியை உறுதிப்படுத்திய ஏவலாளுக்கு, நெய்யில் சமைத்த காடைக் கறியோடு சோறு கிடைக்கட்டும் என்ற வாழ்த்து வருகிறது. காடைக்கு அங்கே பெயர் குறும்பூழ். வேலைக்காரனுக்குத் தரும் மரியாதை காடைக் கறி. சங்கப் பாடலைப் பாடத்தில் வைத்துக் கைதட்டுகிற அதே வளாகத்தில்தான் நம் தம்பியின் கட்டுரை திரும்பி வந்தது.

அடுத்து வெள்ளைக்காரனிடம் போவோம். ஆலன் ஆக்டேவியன் ஹியூமை உங்களுக்குத் தெரியும். 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் உருவாக முன்னின்றவர் என்று போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1879 முதல் 1881 வரை, அவர் மார்ஷல் என்பவரோடு சேர்ந்து மூன்று தொகுதிகளில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தியா, பர்மா, இலங்கையின் வேட்டைப் பறவைகள் பற்றியது. காடை, கௌதாரி, வாத்து, உள்ளான் என ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கும், எப்படிச் சுடலாம் என்பதோடு, சாப்பிட எப்படி இருக்கும் என்பதையும் அந்த வகை நூல்கள் பேசின. அவை இன்றைக்கும் பறவையியலின் முன்னோடி நூல்கள். அதே தரம் பிரிக்கும் வேலையை இரைப்பையைக் கீறிப் பார்த்துச் செய்தவள் என் அப்பத்தா. ஹியூமின் நாக்கு நூலகத்துக்குப் போனது. அவள் நாக்குக்குக் கிடைத்த பட்டம், ‘கண்டதையும் திங்கிறவ’.

ஏன் இப்படி? சுடுகிறவனுக்குத் துப்பாக்கி இருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்குத் துப்பாக்கி உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. துரை வைத்திருந்தது துப்பாக்கி, அவர் செய்தது விளையாட்டு. நம்மிடம் இருந்தது கண்ணியும் கவணும், நாம் செய்தது திருட்டு. வேட்டையை நம்பிப் பிழைத்த பல சமூகங்களின் நெற்றியில் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒட்டிய முத்திரையை நீங்கள் அறிவீர்கள். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் என்ற நீர்நிலை இருக்கிறது. மன்னர் குடும்பம் வாத்து சுடுவதற்கென்றே பராமரித்த இடம். 1938 நவம்பர் 12ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோவும் அவர் கூட்டமும் அங்கே ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. நம் தெருவில் எட்டுப் பேருக்கு ஒரு சிறகி என்று கணக்குப் போட்டால், 34,000 பேருக்குமேல் ஒருவேளை குழம்புக்கு ஆகும். அந்த எண்ணிக்கையை மறைக்கவில்லை. கல்லில் பொறித்து வைத்தார்கள். இன்றும் சுற்றுலா போகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வரலாம். அதே கேவலாதேவ் பிறகு தேசியப் பூங்கா ஆனது. 1982இல் மாடு மேய்க்கத் தடை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்புறம் ஆய்வு செய்து பார்த்தபோது, மேய்ச்சல் நின்றதால் புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பு அடைபட்டு, பறவைகளுக்கே கெடுதல் ஆனது என்று தெரிந்தது. பறவையைக் கொன்றவர் பெயர் கல்லில் இருக்கிறது. எருமை மேய்த்தவர் உடம்பில் குண்டு பாய்ந்தது.

சாலிம் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்ததால் அது என்ன வகை என்று கேட்க, மாமா அவரை 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து இந்தியாவின் பறவை மனிதர் பிறந்தார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் அறிவுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் அதே வயதில் உண்டிவில்லோடு நின்ற ஒரு நரிக்குறவர் வீட்டுப் பையனை யார் எந்தக் கழகத்துக்கு அழைத்துப் போனார்கள்? ஒருவன் சுட்டது ஆர்வம், மற்றவன் அடித்தது குற்றம். குருவிக்காரர் என்று சாதிப் பெயரிலேயே பறவையைச் சுமந்த அந்த மக்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது

விடுதியில் அந்தப் பைனாகுலர் தம்பி சொன்னது சட்டப்படி சரி. இதை மழுப்பக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டை அடியோடு நிற்கவில்லை. உரிமம் வாங்கினால் பட்டியலில் உள்ள பறவைகளைச் சுடலாம் என்று இருந்தது. உரிமம் வாங்க யாரால் முடிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் எண்பதுகளில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. 1991 திருத்தம்தான் அந்த உரிம வேட்டையை மூடியது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. பொதுவான குற்றங்களுக்கு அபராத வரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. சிறை மூன்று ஆண்டு வரை போகலாம். மிக உயர்ந்த பாதுகாப்பில் உள்ள உயிரினம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, பிடிப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான்.

எழுதுவது குற்றமில்லை. ஒரு காலத்தில் அப்பத்தா சமைத்ததை நினைவுகூர்வதற்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. இந்த வேறுபாட்டைத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று இந்தக் கறி யார் தட்டுக்குப் போகிறது என்றும் பாருங்கள். நான்கு வழிச்சாலை ஓரத்தில் ரகசியமாகக் கைமாறும் சிறகியும் மடையானும் நம் வீட்டு அடுப்புக்கு வருவதில்லை. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வாங்குகிறவர்களின் பாட்டிலுக்குத் துணையாகப் போகிறது. பிடித்துக் கொடுத்தவனுக்குக் கிடைப்பது அன்றைய அரிசிக் காசு. மாட்டினால் பத்திரிகைப் படத்தில் செத்த பறவைகளைக் கையில் பிடித்துத் தலைகுனிந்து நிற்பதும் அவன்தான். தின்றவன் படம் எந்தப் பத்திரிகையிலாவது பார்த்திருக்கிறீர்களா? ருசி ஒருவனுக்கு, வழக்கு இன்னொருவனுக்கு. ஹியூம் காலத்துப் பங்கீடு இன்னும் அப்படியே இருக்கிறது.

நம் தரப்பு நண்பர்களுக்கு

இங்கே சில தோழர்களோடு நான் முரண்படுகிறேன். “மாட்டுக்கறி நம் உரிமை என்று சொல்கிறோம். அதேபோலச் சிறகிக் கறியும் நம் பண்பாட்டு உரிமை, வேட்டைத் தடை பார்ப்பனியச் சட்டம்” என்று சொல்கிறவர்கள் உண்டு. கோபம் புரிகிறது. வாதம் நிற்காது.

மாடு வளர்க்கப்படுவது. ஒன்றை அறுத்தால் இன்னொன்றை வளர்க்கலாம். மாட்டுக்கறித் தடை சாதியின் தீட்டுக் கணக்கில் பிறந்தது. தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் தூசி தட்டி எடுத்தபோதும் அதே தீட்டுக் கணக்குதான். மக்கள் எதிர்த்தார்கள், 2004இல் அதை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. சிறகியின் கதை வேறு. அதை யாரும் வளர்க்கவில்லை. கண்மாயில் நாம் பார்க்கிற கிளுவைகளில் பல, இமயத்தைத் தாண்டி வந்தவை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொல்கிறது. அதிகம் குறைந்த கூட்டங்களில் வாத்துகளும் உண்டு. நம் தாத்தாக்களின் கண்ணி இந்த அழிவைக் கொண்டுவரவில்லை. ஆனால் மிச்சம் இருப்பதை நாம் பிடித்துத் தின்பதால் துரைமார் செய்தது நேராகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. இன்று பல இடங்களில் கண்ணி போய், குருணை மருந்து கலந்த நெல் வந்துவிட்டது. பூச்சிக்கொல்லியைத் தின்று விழுந்த பறவையைத்தான் ‘காட்டுக் கறி’ என்று விற்கிறார்கள். அப்பத்தா இரைப்பையைக் கீறிப் பார்த்தாள். இன்று கீறிப் பார்த்தால் உள்ளே இருப்பது விஷம். இதை உரிமை என்று கேட்டு வாங்க வேண்டுமா?

எங்கள் மாவட்டத்துப் பட்டாசு நாடெல்லாம் வெடிக்கிறது. ஆனால் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் அடையும் பறவை கலைந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்களே எடுத்த முடிவு. வேட்டங்குடி 1977இல் சரணாலயம் ஆனது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் ஊர்தான் பறவையைக் காக்கிறது. துப்பாக்கியும் வேலியும் இல்லாமல் சாதாரண மக்களால் இது முடியும். நாமும் சாதாரண மக்கள்தான்.

அறிவைக் கூலியாக்குவது

அப்படியானால் நம் ஆட்களின் அறிவு என்ன ஆவது? கண்ணி வைக்கத் தெரிந்தவனுக்குப் பறவையின் நடை, இரை, இறங்கும் இடம், கிளம்பும் நேரம் எல்லாம் அத்துப்படி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையம் மாட்டி வலசைப் பாதையை ஆராய்ந்தபோது, உயிரோடு காயமில்லாமல் பிடிக்கத் தெரிந்தவர்களைத் தேடியது. பீகாரின் மீர்ஷிகார் சமூகத்துப் பறவை பிடிப்பவர்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். வேட்டைக்காரன் கை இல்லாமல் விஞ்ஞானியின் நோட்டு நிரம்பியிருக்காது.

நம் மாநிலத்திலேயே இன்னொரு சான்று. பாம்புத் தோல் வணிகம் தடையானபோது பிழைப்பு இழந்த இருளர்கள், 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில் செய்த மாற்று மருந்து நாடெங்கும் உயிர் காக்கிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர் பாம்புக்குச் செய்ததை, நரிக்குறவரும் நம் கண்மாய்க்கரைத் தெருக்காரரும் பறவைக்கு ஏன் செய்யக்கூடாது? பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் வெளியூர் ஆர்வலர்கள் காரில் வந்து எண்ணிவிட்டுப் போகிறார்கள். அந்த வேலையில் உள்ளூர் ஆட்களுக்குக் கூலியோடு இடம் வேண்டும் என்று கேட்பது வேட்டை உரிமை கேட்பதைவிட வலுவான கோரிக்கை.

தட்டும் குளமும்

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகத் மாநாட்டில் பேசியதும் செய்ததும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விடுங்கள், எச்சில் சோறு வாங்குவதை விடுங்கள் என்றார். அடுத்து, மக்களைத் திரட்டிக்கொண்டு சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். ஆடு மாடு குடித்த குளம், பறவை இறங்கிய குளம். தீண்டப்படாதவர் தொட்டார் என்றதும் 108 குடத்தில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கொட்டிச் ‘சுத்தம்’ செய்தார்கள்.

தட்டைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் ஒரே மாநாட்டில் ஏன் பேசினார்? நம் தட்டில் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது குளம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். நிலமும் நீரும் ஒருவர் கையில் இருந்தால், அடுத்தவர் கையில் கிடைப்பது மிச்சம் மீதி. பிறகு அந்த மிச்சத்தைத் தின்றதற்காகவே இழிவு. இது ஒரு சுற்று. அம்பேத்கர் சுற்றின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தார்.

இப்போது நம் கண்மாய்க்கு வாருங்கள். மடை திறந்து, தூம்புக்குள் மூச்சடக்கி இறங்கி, கரை உடையாமல் ராத்திரி காவல் காத்தது யார்? பெரும்பாலும் நம் தாத்தாக்கள். மீன்பாசி குத்தகை யார் பெயரில் போகிறது? வண்டல் மண் யார் வயலுக்குப் போகிறது? ஏலம் எந்த வீட்டுத் திண்ணையில் முடிவாகிறது? கரையோரம் சீமைக்கருவேலம் மண்டி, ஊர்ச் சாக்கடை திரும்பி, ஆக்கிரமிப்பு வளர்ந்து நீர்ப்பரப்பு சுருங்கினால் சிறகி எங்கே இறங்கும்? கண்ணி வைத்தவனைப் பிடிக்க ஜீப் வருகிறது. கண்மாயையே மேடாக்கி விற்றவனைப் பிடிக்க எந்த ஜீப் வருகிறது?

என் நிலைப்பாடு இதுதான். சிறகியைப் பிடிக்க நமக்கும் உரிமை வேண்டாம், யாருக்கும் வேண்டாம். கண்மாயில் நமக்குப் பங்கு வேண்டும். அப்பத்தாவின் சுவையை எழுதவும் பேசவும் சமைக்கவும் யார் அனுமதியும் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, எழுதுங்கள். ஷாகு பாட்டோலே மராத்வாடாவின் தலித் சமையலை மராத்தியில் புத்தகமாக எழுதினார். அது 2024இல் ஆங்கிலத்திலும் வந்து உலகம் படிக்கிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்த் தெருக்களின் அம்மியும் சட்டியும் அப்படி எழுதப்பட வேண்டும். அப்பத்தாக்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். எது வெடுக்கு, எது இனிப்பு, யாருக்கு எந்தத் துண்டு என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ருசியை விடவேண்டாம். சிறகிக்கு வைத்த மசாலா நாட்டு வாத்துக்கும் பொருந்தும். ஆனால் வாத்துக்குத் தோலடிக் கொழுப்பு அதிகம். முதலில் எண்ணெய் விடாமல் தோல் பக்கம் வதக்கி, அந்தக் கொழுப்பு உருகியதும் பாதியை வடித்துவிட்டு, அதிலேயே வெங்காயத்தைப் போடுங்கள். காடை வேண்டுமானால் பண்ணையில் வளரும் ஜப்பான் காடை கடையில் கிடைக்கிறது. ஐந்து வாரத்தில் வளர்ந்துவிடுகிற இளங்கறி. இருபது நிமிடம் போதும், அதற்குமேல் அடுப்பில் விட்டால் சக்கை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு அதைவிடத் துணை உண்டா? காட்டுக் காடைக்கும் இதற்கும் ருசியில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. அந்த வித்தியாசத்துக்காக ஒரு பறவை சாகவும் ஒரு ஏழை சிறை போகவும் வேண்டாம்.

மூன்றாவது, நம் தெருவிலோ நரிக்குறவர் குடியிருப்பிலோ யாராவது இந்த வழக்கில் மாட்டினால் ஒதுங்கிப் போகாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உதவி எண் 15100. குற்றம் செய்திருந்தால் தண்டனை கோர்ட்டில். படம் பிடித்து ஊருக்குக் காட்டி அவமானப்படுத்துவது தண்டனையின் பகுதி இல்லை.

நான்காவது, உங்கள் ஊர்க் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்குமேல் என்றால் நீர்வளத் துறை. கடந்த ஐந்தாண்டு மீன்பாசி குத்தகை யாருக்குப் போனது, எவ்வளவுக்கு, அந்தப் பணம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்ச் செலவு.

மார்ச் 20 மகத் நாள். எப்படியும் மாலை போடுவோம், கூட்டம் நடத்துவோம். அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. மாலை போட்ட கையோடு அந்தக் கிராம சபைக்குக் கும்பலாகப் போய் உட்காருங்கள். கண்மாய்க் கணக்கைக் கேளுங்கள். கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தம்பி, உன் கட்டுரையைக் கிழித்துவிடாதே. வெட்கமா பெருமையா என்பதை அப்புறம் பார்க்கலாம். அப்பத்தா தனக்குக் கழுத்தை மட்டும் வைத்துக்கொண்டதை அதில் எழுதினாயா? எழுதவில்லை என்றால் சேர்த்து எழுதி எனக்கு அனுப்பு. மலர் போடாவிட்டால் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

ஜெய்பீம்.